சொல்லாமல் வெளிக்கிட்டவர்கள்

காரைப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கும்போதே சுசீலாதேவி சொல்லிவிட்டாள்.

"திரும்பிப் பாக்காதேங்கோ."

"பின்னுக்கு எடுக்கிறவன் திரும்பிப் பாக்காமல் என்னெண்டு எடுக்கிறது? ஆரின்டையாவது காரிலை கொண்டுபோய் இடிக்கவோ?"

"கண்ணாடியிலை பாத்து எடுங்கோ. வீட்டைப் பாக்காதேங்கோ எண்டுதான் சொன்னனான்."

ஆனந்தராஜா கண்ணாடியைப் பார்த்து மெல்ல எடுத்தார். முற்றம் நிறையக் கார்கள், அக்கம்பக்கத்துக் கமக்காரருடையவை. அந்தச் சனம் உள்ளே இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் பின்கதவால் வெளிக்கிட்டவர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கோபமில்லை, வழக்கம். செத்த வீட்டில் நின்று 'போட்டு வாறம்', போய்விட்டுத் திரும்பி வருகிறோம், என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவோம் என்று ஆகிவிடும். நேரம் வந்ததும் சத்தம்போடாமல் எழும்பிப் படலையைத் தாண்டிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

செத்தது தவராஜா, ஆனந்தராஜாவின் ஒரே தம்பி. யூட்லாந்தில், ஸ்கேர்ன் பக்கத்தில், டேனிஷ்காரர் மட்டுமே இருக்கிற, பேருந்தும் தேடி வராத கிராமத்தில், மனைவி ஹன்னேயின் தகப்பன் விட்டுப்போன பண்ணையில் முப்பது வருசம் மாடு பார்த்த மனிதன். வயிற்றுக்குள் புற்றுநோய் என்று கோடை தொடங்கும்போது சொன்னார்கள். பார்லி வெட்டி முடியமுன் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அன்று காலைதான் கிராமத்துத் தேவாலய வளவில் தாட்டார்கள்.

கார் சரளைப் பாதையில் ஏறியபோது கண்ணாடியின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாக அசைந்தது.

"ஆரோ வெளியிலை வந்தமாதிரிக் கிடக்கு."

"வரட்டும். நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

அவர் றோட்டைப் பார்த்தார்.

அங்கிருந்து இவர்கள் வீடு இருக்கிற இஷொய்க்கு அரை நாள் ஓட்டம். முதலில் ஒரே வயல்தான். வெட்டின வயல், வெட்டாத வயல், உருட்டிக் கட்டிப்போட்ட வைக்கோல், தூரத்தில் காற்றாலைகள். ஒரு இடத்தில் வயலுக்குச் சாணித்தண்ணி விசிறிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் ஜன்னல் பூட்டியிருந்தும் உள்ளே வந்தது. சுசீலாதேவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். ஆனந்தராஜா பொத்தவில்லை. தம்பி எப்போது வீட்டுக்கு வந்தாலும் இந்த மணத்தோடுதான் வருவான். எத்தனை தரம் குளித்தாலும் போகாது. "அண்ணை, இது காசு மணக்கிற மணம்" என்பான்.

"எரிச்சிருக்கலாம்" என்றார் திடீரென்று.

காலையிலிருந்து இது எத்தனையாம் தரமோ.

"நெருப்பு வைக்காமல் மண்ணுக்குள்ளை தள்ளிப்போட்டு வந்திருக்கிறம். எங்கடை ஆக்களிலை ஆர் இப்பிடிச் செய்தது?"

"அது உங்கடை தம்பி கேட்டதப்பா. உங்களுக்கு முன்னாலைதானே ஆஸ்பத்திரியிலை சொன்னவர். முப்பது வருசம் குளிருக்குள்ளை கிடந்தனான், கடைசியிலை சூடு காட்டி என்ன வரப்போகுது எண்டு."

"அவன் பகிடிக்குச் சொன்னவன்."

"சாகக் கிடக்கிற மனிசன் பகிடி விடுறாரோ?"

"அவன் விடுவான்."

உண்மைதான், அவன் விடுவான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதலில் ஹோர்சன்ஸில் பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்றவர்கள். கொக்கியில் தொங்கி வருகிற பன்றியை ஆனந்தராஜா பிளப்பார், தம்பி கால் வெட்டுவான். ஒரு நாள் கத்தியை வைத்துவிட்டு, "அண்ணை, செத்த மிருகத்தோடை கதைச்சுக் கதைச்சு எனக்கு விசர் பிடிக்குது, உயிரோடை இருக்கிறதைப் பாக்கப்போறன்" என்று போனவன்தான். பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தான். பண்ணைக்காரன் மகளைக் கட்டினான். ஆனந்தராஜா இன்னும் சில வருசம் பன்றியோடு நின்று, தோள்மூட்டு தேய்ந்தபிறகு, இஷொய்க்கு வந்து கிட்டங்கி ஒன்றில் பெட்டி அடுக்கப் போனார்.

"ஹன்னேயும் அரிசி போட்டாளே, பாத்தனியளோ?" என்றாள் சுசீலாதேவி.

பார்த்தார். பெட்டியை மூடமுன் வாய்க்கரிசி போடவேண்டும் என்று அவர் கேட்டபோது பாதிரியார் ஹன்னேயைப் பார்த்தார். ஹன்னே தலையசைத்தாள். எல்லோரும் போட்டபிறகு தானும் கையை நீட்டி அரிசி கேட்டாள். பெருத்த கை, மாட்டுக்காரியின் கை. நித்திரையாகக் கிடக்கிறவனை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல ஒவ்வொரு மணியாக வைத்தாள். பின்னால் நின்ற கமக்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

"பாத்தனான்" என்றார்.

ஹைவேயில் ஏறி, சின்னப் பாலம் தாண்டி, ஃபூன் தீவையும் முக்கால்வாசி கடந்தாயிற்று. பெரிய பாலத்துக்கு முன்னால் ஒரு இளைப்பாறும் இடத்தில் காரை விட்டார்கள். சுசீலாதேவி கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றும்போது போன் அடித்தது. சயந்தினி. தவராஜாவின் ஒரே மகள், ஓகுஸில் படிப்பிக்கிறவள். தமிழில் 'பெரியப்பா, பெரியம்மா' மட்டும் வடிவாகச் சொல்லுவாள். மிச்சமெல்லாம் கேட்டால் விளங்கும், பேசுவது டேனிஷ்.

"பெரியப்பா, எங்கே நிற்கிறீர்கள்?"

"பாலத்துக்குக் கிட்ட. ஏன் பிள்ளை?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா என்ன பிழை செய்தார்?" என்றாள்.

"என்ன?"

"சொல்லாமல் போய்விட்டீர்கள். அம்மா வழியில் சாப்பிட உங்களுக்குப் பாணும் சீஸும் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பாதைவரைக்கும் ஓடினார். நீங்கள் நிறுத்தவில்லை. பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, உங்களுக்கு அவரைத் தெரியும்தானே. கோப்பி குடித்தவர்களை அனுப்பிவிட்டு உடுப்பை மாற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். நான் பின்னால் போய்க் கேட்டபோதுதான் சொன்னார். 'தவாவை எரிக்காததால் அவர்கள் என்னைக் கைவிட்டுவிட்டார்கள். இனி வரமாட்டார்கள்.'"

"அப்பிடி இல்லைப் பிள்ளை, அது எங்கடை வழக்கம்..."

"அப்பா அம்மாவுக்கு முதல் வருடமே சொல்லிக் கொடுத்தாராம். தமிழன் எந்த வீட்டிலிருந்தும் சொல்லாமல் போகமாட்டான், சொல்லாமல் போனால் அந்த வீட்டு உறவை வெட்டிவிட்டான் என்று அர்த்தம். அதுதான் வழக்கம் என்று அம்மாவுக்குத் தெரியும்."

தம்பி சொல்லிக் கொடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. பாதியைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மற்றப் பாதிக்குத் தேவை வரவில்லை. அந்தக் கிராமத்தில் அவன்தானே ஒரே தமிழன். அவனுடையதுதான் முதல் தமிழ்ச் சாவு.

"போனை அம்மாட்டைக் குடு."

"கொட்டிலுக்குள் இருக்கிறார். வரமாட்டேன் என்கிறார். மாடுகளுக்குத் தீன் வைத்துவிட்டுப் பால் கறக்கவேண்டுமாம்."

சுசீலாதேவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இருபது வருசமாக முதியோர் வீடுகளுக்குக் கார் ஓடிப்போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள், டேனிஷ் அவரைவிட நன்றாகத் தெரியும். தேத்தண்ணியைப் புல்லுக்குள் ஊற்றினாள்.

"திருப்புங்கோ காரை."

"விசரோ உனக்கு? செத்த வீட்டிலையிருந்து வெளிக்கிட்ட ஆக்கள் திரும்பப் போறதோ? அது சொல்லிப்போட்டுப் போறதைவிட மோசம், கூடவே கூடாது."

"அப்ப போனிலை சொல்லுங்கோ."

"போனிலை என்னெண்டு சொல்லுறது? அவள் எடுக்கமாட்டாளாம்."

"அதுதான் திருப்புங்கோ எண்டுறன்."

"நாளைக்கு விடிய எனக்கு வேலை."

"எனக்கும்தான் வேலை."

அவர் பாலத்தின் கோபுரங்களைப் பார்த்தார். அதைத் தாண்டினால் வீடு. குளித்துவிட்டுப் படுக்கலாம். தாண்டினால் பிறகு அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் இருக்காது. தம்பியில்லாத வீட்டுக்கு யார் போவார்கள்? சயந்தினி கலியாணத்துக்கு ஒரு அழைப்பு வரும், அதுவும் சந்தேகம். ஹன்னே மாடுகளோடு கிழவியாவாள். ஒரு கிறிஸ்மஸ் அட்டைகூட வராது. அவளும் பிடிவாதக்காரி. யூட்லாந்துக்காரர் ஒருதரம் வாயை மூடினால் மூடினதுதான்.

"கூடாதெண்டால் என்ன கூடாது?" என்றாள் சுசீலாதேவி. குரல் இறங்கியிருந்தது. "இன்னொரு சாவு வருமெண்டுதானே? எங்களுக்கும் அறுபது தாண்டிட்டுது. வாறது வரத்தான் போகுது. அந்த மனிசி பாணைக் கையிலை வைச்சுக்கொண்டு றோட்டிலை நிண்டிருக்கிறாள், நான் திரும்பிப் பாக்கேல்லை. அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ளை கிடந்து அரிக்குது."

ஆனந்தராஜா காரில் ஏறினார். ஹைவேயின் அடுத்த வெளிவாசலில் காரை இறக்கித் திரும்பினார்.

போகும் வழியெல்லாம் வெயில் முகத்தில் அடித்தது. சுசீலாதேவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், நித்திரையில்லை. அவர் மனதுக்குள் டேனிஷ் சொற்களைத் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய டேனிஷ் பன்றி வெட்டுகிற வரிசையில் படித்தது. கத்தி, கொக்கி, லீவு, சம்பளம், கெட்ட வார்த்தை எல்லாம் அதில் இருந்தன. இந்தக் காரியத்துக்கு அதில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

முற்றம் காலியாக இருந்தது. சயந்தினி வாசலுக்கு ஓடி வந்து பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள். கழுவாத கோப்பிக் கோப்பைகள் மேசை நிறையக் கிடந்தன. சுசீலாதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கிவிட்டாள். மேசை ஓரத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம். ஆனந்தராஜா அதைக் கண்டுகொண்டு கொட்டில் பக்கம் நடந்தார்.

உள்ளே மெசின் இரைந்தது. மாடுகள் இரண்டு பக்கமும் உயரத்தில் வரிசையாக நிற்க, நடுக்குழியில் ஹன்னே நின்றாள். றப்பர் ஏப்ரன், நீலக் கையுறை. மடியைத் துடைத்து உறிஞ்சு குழாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த மாட்டுக்குப் போனாள்.

"எதையாவது மறந்துவிட்டாயா?" என்றாள். டேனிஷில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். ஆனாலும் அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருசன் கூப்பிட்டதையே பழகி 'அண்ணை' என்பாள். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

"ஆம். ஒன்று மறந்துபோனோம்."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நல்ல சப்பாத்தோடேயே குழிக்குள் இறங்கினார். துணி ஒன்றை எடுத்து, அவள் செய்ததைப் பார்த்துப் பார்த்து ஒரு மடியைத் துடைத்தார். மாடு எட்டி உதைத்தது. அவர் தலையிலிருந்த தொப்பி பறந்துபோய்ச் சாணிக்குள் விழுந்தது.

ஹன்னேயின் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று பின்னால் நின்று சொல்ல முடியவில்லை.

"அது அவனையும் உதைக்கும்" என்றாள் திரும்பாமல். "மடியில் முதலில் கையை வை. உன் கை என்று அதற்குத் தெரியட்டும். பிறகு துடை."

அப்படியே செய்தார். இரண்டு மாடு, மூன்று மாடு போனது. மெசின் இரைச்சலில் பேசுவது சுலபமாக இருந்தது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

"ஹன்னே, எங்கள் வழக்கத்தில், ஆள் செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறோம் என்று ஆகும். அதுதான் சொல்லவில்லை. வேறொன்றும் இல்லை."

அவள் குழாயைப் பூட்டிக்கொண்டே இருந்தாள்.

"தவா அதைச் சொல்லவில்லை."

"தேவை வரவில்லை."

"முப்பது வருடம். காலையில் வீட்டிலிருந்து கொட்டிலுக்கு வரும்போதும் சொல்லுவான்." அவள் தமிழில் சொன்னாள், யூட்லாந்து இழுவையோடு, ஆனால் பிசகில்லாமல்: "போட்டு வாறன், ஹன்னே." பிறகு டேனிஷில், "முற்றத்தைத் தாண்டினால் கொட்டில். அந்தத் தூரத்துக்கு. நான் சிரிப்பேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் வாய் பேசமுடியவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே போனான். அதற்குப் பிறகு இன்றைக்கு நீங்களும்."

ஆனந்தராஜா துணியைப் பிழிந்தார். ஏதோ ஒரு மாடு சாணி போட்டது, குழியின் ஓரத்தில் தெறித்தது.

"சாகிறவனும் சொல்லமாட்டான்" என்றார். "அவன் உன்னை வெட்டிவிட்டுப் போகவில்லை. முறையாகத்தான் போயிருக்கிறான்."

ஹன்னே கையுறையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். கையுறையிலிருந்த அயடீன், மாட்டு மடிக்குப் போடுகிற மருந்து, கன்னத்தில் பட்டு மஞ்சளாகியது.

"எரிக்காததற்குக் கோபமில்லையா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தார். இந்தப் பொம்பிளையிடம் பொய் எடுபடாது.

"கோபந்தான். உன்னில் இல்லை. அவனில். அவனிடம் இனிப் போய்ச் சண்டை பிடிக்க ஏலாது, அதுதான் கோபம்."

"எனக்கும் அவனில் கோபம்" என்றாள் ஹன்னே. "சோளம் இன்னும் வெட்டவில்லை. குளிருக்கு முன் கூரை பார்க்கிறேன் என்றான். எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விட்டான்."

"சோம்பேறி" என்றார் ஆனந்தராஜா.

"சோம்பேறி" என்றாள் அவள்.

கறந்து முடியும்வரை அவனைத்தான் திட்டினார்கள். பேச்சில் அவன் கடன்காரன் ஆனான், கள்ளன் ஆனான், மழைக்கு முன் வைக்கோலை மூடாதவன் ஆனான். திட்டத் திட்ட இரண்டு பேருக்கும் மூச்சு இலகுவாக வந்தது.

பிறகு குசினி மேசையில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நாலு பேரும் சாப்பிட்டார்கள். பாண் விளிம்பில் காய்ந்துபோயிருந்தது. ஹன்னே சுசீலாதேவிக்குப் பக்கத்தில் இருந்தாள். சுசீலாதேவி அவளுடைய கன்னத்து மஞ்சளைத் துணியால் துடைத்துவிட்டாள், தன்னுடைய கிழவிகளுக்குத் துடைப்பதுபோல, கேட்காமல். ஹன்னே முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

வெளிக்கிடும் நேரம் வந்தது. வெயில் வைக்கோலுக்கு மேலே படுத்துக் கிடந்தது. இந்த முறை நாலு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். ஆனந்தராஜா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிசி இனி ஒருதரம் தனியாக றோட்டில் நிற்கக்கூடாது. வழக்கமாவது மண்ணாவது.

"ஹன்னே," என்று தொடங்கினார், "போட்டு..."

"சொல்லாதே."

பெருத்த கை அவர் வாய்க்கு நேரே நின்றது.

"ஹன்னே, பரவாயில்லை..."

"அவன் முறையாகப் போனான் என்று நீதானே சொன்னாய். நீயும் முறையாகப் போ." கையை இறக்கினாள். "எப்போது சொல்லலாம்?"

"முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிய. ஒரு மாதம்."

"அப்போது சோளம் வெட்டுவோம். பூட்ஸ் கொண்டு வா, அண்ணை. உன் சப்பாத்து நாசமாகிவிட்டது."

சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். கை அசைக்கவில்லை. ஒருதரமும் பின்னால் பார்க்கவில்லை. கன்றுக்குட்டிகளின் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, இந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள்போல, நேரே நடந்தாள். சயந்தினி கையைத் தூக்கப்போய், தாயைப் பார்த்து, கையைச் சட்டைப் பைக்குள் விட்டாள்.

சரளைப் பாதை முடிந்து தார் றோட்டில் ஏறி, தேவாலயம் தாண்டும்வரை ஆனந்தராஜா ஒழுங்காகத்தான் ஓட்டினார். பிறகு றோட்டு கலங்கியது. நாலு நாளாக வராத அழுகை. வந்தபோது இருமல்போல வந்தது, அடக்க முடியவில்லை.

"ஓரமா நிப்பாட்டுங்கோ" என்றாள் சுசீலாதேவி. "தள்ளுங்கோ, நான் ஓட்டுறன்."

"நீ இவ்வளவு தூரம் ஓட்டமாட்டாய்."

"கிழவியளிட்டை வருசம் முழுக்க ஆர் ஓட்டுறது? இறங்குங்கோ அங்காலை."

இறங்கிச் சுற்றி வந்து மற்றப் பக்கம் ஏறினார். அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்து, சேலையை ஒதுக்கி, காரை எடுத்தாள். கொஞ்சத் தூரம் போனதும் முன்னால் ஒரு அறுவடை மெசின் றோட்டை அடைத்துக்கொண்டு வெளிச்சம் சுழல ஊர்ந்தது. எதிரே ஒரு வாகனமும் இல்லை. முந்தலாம். அவள் முந்தவில்லை, பின்னாலேயே போனாள்.

"பயமாக் கிடக்கோ?" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இல்லை. நீங்கள் ஆறுதலா அழுது முடியுங்கோ."

வைக்கோல் தூசி கண்ணாடியில் வந்து விழுந்துகொண்டேயிருந்தது. அவர் இருக்கையைச் சாய்த்துவிட்டு அழுதார்.